கிருமி மேய்த்தவர் வாங்கிய வெள்ளித் தண்ணீர்

சின்னக்கானல் ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்ட தார்ப்பாய்க் கொட்டகையில் மூன்று வாரமாக மூச்சுவிட இடமில்லை. நானோ வைத்தியர் பூபதிராஜா வந்திருக்கிறார் அல்லவா! கண்ணுக்குத் தெரியாத வெள்ளித்துகள் கலந்த தண்ணீராம். குடித்தால் மூட்டுவலி போகும், தெளித்தால் கண்ணேறு போகும், ஊற்றினால் நாற்றம் போகும். அம்மன் படம் ஒட்டிய புட்டி ஒரு வரிசை, மாதா படம் ஒட்டிய புட்டி ஒரு வரிசை. உள்ளே இருந்தது ஒரே தண்ணீர். அந்த விஷயத்தில் மட்டும் மனிதர் சமத்துவவாதி.

"பாருங்க, தண்ணிக்குள்ள சக்தி நிக்குதுங்க!" என்று புட்டியில் லேசர் விளக்கை அடிப்பார். உள்ளே பச்சைக் கோடு ஒன்று பளிச்சென்று தெரியும். பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், மீதி சிலுவை போட்டுக்கொள்ளும்.

முன்வரிசையில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தவர் மரியஜோசப். பக்கத்து ரிசார்ட்டின் கழிவுநீர்த் தொட்டி அவர் பொறுப்பு. அவர் வேலை என்ன தெரியுமா? கிருமி வளர்ப்பது! சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றி, மோட்டார் வைத்துக் காற்றடித்து, மலஜலத்தைத் தின்னும் நல்ல கிருமிகளை எட்டு வருஷமாக மேய்த்து வந்தார். அவை தின்று தெளியவைத்த தண்ணீர் ஓடையில் விழும். கீழே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் லயத்து ஜனங்கள் அந்த ஓடையில்தான் குளிப்பார்கள்.

"கோடிக் கிருமியைக் கொல்லும்" என்று புட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை எழுத்துக்கூட்டி வாசித்த பிறகும், லேசாக அடித்த நாற்றம் போகட்டும் என்று கேன் கேனாகத் தொட்டியில் ஊற்றினார் நம் மேய்ப்பர். கோழி வளர்க்கிறவன் கோழிக்கே எலிமருந்து வைத்த மாதிரி.

நாலாம் நாள் நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஓடை கறுத்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. மரியஜோசப் வைத்தியரிடம் ஓடினார்.

"தோசம் வெளியேறுதுங்க. அளவைக் கூட்டுங்க!"

கூட்டினார். கெட்டிக்காரர், இரண்டு மடங்காகவே கூட்டினார்.

அதோடு விட்டாரா? குடும்ப ஆரோக்கியத்துக்காகத் தோசை மாவிலும் ஒரு மூடி ஊற்றி வைத்தார். காலையில் மனைவி செபமாலையம்மாள் சட்டியைத் திறந்தாள்.

"அடுப்போரம் வச்ச மாவு எப்படிப் பொங்காமப் போச்சு? என்னத்த ஊத்துனீய?"

"சக்தித் தண்ணி..."

"உங்க சக்தியில இடி விழ! மாவு செத்துக் கெடக்கே, தொட்டி மட்டும் உசிரோடயா இருக்கும்?"

"வைத்தியரச் சோதிக்கக் கூடாது, பாவம்!" என்றார் மரியஜோசப்.

சனிக்கிழமையே அவள் சோதித்தாள். ஒரே மாவை இரண்டு தூக்குவாளியில் கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவில் வைத்தாள்.

"வைத்தியரே, இதுல உங்க கையால உங்க தண்ணி. அதுல அதே அளவு பச்சத்தண்ணி. ரெண்டும் நாளைக்கு வரைக்கும் டீக்கடை அடுப்போரம் இருக்கட்டும்."

"ரெட்டிப்பாப் பொங்குமுங்க தாயி!" என்று மார்தட்டி ஊற்றினார் வைத்தியர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே வந்தது. பச்சைத்தண்ணீர் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. வெள்ளித் தண்ணீர் மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது.

"அம்மாளுக்கு நம்பிக்கை பத்தலைங்க!" என்று வைத்தியர் அவசரமாக லேசரை எடுத்தார். மரியஜோசப் எழுந்து போய் அதைப் பிடுங்கினார். டீக்கடையில் பால் தம்ளர் அலசும் வாளிக்குள் அடித்தார். அங்கேயும் அதே பச்சைக் கோடு!

"இதுலயும் சக்தி நிக்குதுய்யா. குடியும், பாப்போம்!"

வைத்தியரின் கண் ஜீப்பைத் தேடியது. ஜனங்கள் வளைத்துக்கொண்டார்கள்.

"தரை துடைக்கிற கிருமிநாசினிங்க... விட்ருங்க..."

மரியஜோசப் கூட்டத்தைப் பார்த்தார்.

"மாவு பொங்குறது கிருமியால. என் தொட்டி ஓடுறதும் கிருமியால. எட்டு வருசம் அதுக்குச் சோறு போட்ட முட்டாப்பய நான், என் கையாலயே கொன்னுட்டேன். உங்க பிள்ளைகளுக்குச் சொறி வந்தது என்னாலதான். ஓடையத் தொடாதிய. தண்ணி வெளிய விழாம இப்பமே அடைக்கப் போறேன்."

லயத்து நாச்சம்மாள் ஒரு காலிப் புட்டியோடு முன்னால் வந்தாள்.

"ஏ தம்பி, அப்ப நல்ல கிருமி உன் தொட்டியிலதான் இருந்திருக்கு. திரும்ப வளந்ததும் எனக்கு ஒரு புட்டி குடு, மூட்டுல தடவிக்கிடுதேன்."

மரியஜோசப் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, அது சாக்கடை! எதையும் தடவுறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிங்க. நான் யோசிக்காம ஊத்துனதுல வந்த நாத்தமே இன்னும் ஊரை விட்டுப் போகல!"