பதினைந்தாவது கையெழுத்து

என் அக்காள் பெற்றெடுத்த அதிசயமும், நகரப் பூங்காவின் வசந்தகால இயற்கை நடைகளுக்கு ஏக வழிகாட்டியும், தற்சமயம் ஒற்றைக்காலில் தவமிருப்பவளுமான என் மருமகளுக்கு, உன் தாய்மாமன் ஒரு கையில் வெற்றிக்கொடியும் மறு கையில் பேனாவுமாக எழுதிக்கொள்வது. இங்கே நான் முழங்கால் நீங்கலாக நலம். அங்கே நீ கணுக்கால் நீங்கலாக நலம் என்று நம்புகிறேன். உன் நடைகளை நான் காப்பாற்றிவிட்டேன். உன் வேலையைக் காப்பாற்றிவிட்டேன். குளத்தையும் அதிலுள்ள சகல ஜீவராசிகளையும் காப்பாற்றிவிட்டேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுநடுவே "மாமா, ஒரு நிமிஷம்" என்பாய், கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. படித்ததும் உன் அம்மாவிடம் கொடு. அவள் பிறந்ததிலிருந்து எந்தக் கடிதத்திலும் முதல் பத்தியைத் தாண்டியதில்லை என்பதால் முக்கியச் சங்கதி முழுவதையும் இங்கேயே கொட்டிவிட்டேன்.

நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை நீயே அறிவாய். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை பதினைந்து பேருக்குக் குறைந்தால் இயற்கை நடைக்கு மங்களம் பாடிவிட்டு, குளக்கரை மூலையைக் கார் நிறுத்தும் இடமாக்கிவிடுவது என்று மேலாளர் சட்டம் போட்டிருந்தார். முதல் சனிக்கிழமை ஏழு பேர். இரண்டாவது சனிக்கிழமை நாலு பேர், அதில் ஒருவர் வழி தவறி வந்தவர். மூன்றாவதுக்கு முன்னால் நீ பறவைக்குப் பெட்டி மாட்டுகிறேன் என்று ஏணியில் ஏறி, பறவை மாதிரியே இறங்கப் பார்த்து, காலில் மாவுக்கட்டோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். போகும்போது என்னிடம் நடைவழி எழுதிய நோட்டைக் கொடுத்து, "தோட்டக்காரர்கிட்ட குடுத்துட்டு வந்துடுங்க மாமா, நடைய அவர் நடத்திப்பார். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்" என்றாய். நான் பேசக்கூடாது என்று ஒரு பெண் சொல்வது எனக்குப் புதிதல்ல. ஆகவே வருத்தமில்லை.

சனிக்கிழமை காலை நோட்டோடு போனேன். தோட்டக்காரர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "செடிகிட்ட நாள் பூரா பேசுவேன் சார், அது திருப்பிக் கேள்வி கேக்காது. மனுசங்க கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு புதருக்குள் மறைந்தார். வாசலில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். நடை இல்லை என்று திருப்பி அனுப்பினால் கணக்கில் சைபர். சைபர் என்றால் குளத்தின்மேல் சிமென்ட். உன் முகம் என் கண்முன் வந்தது, மாவுக்கட்டும் வந்தது. நான் கைத்தடியை ஆகாயத்தை நோக்கி உயர்த்தினேன். உலக சரித்திரத்தில் படைகள் புறப்பட்ட எத்தனையோ காலைகள் உண்டு. அவற்றில் எந்தத் தளபதிக்கும் தன் வீரர்களில் ஒருவர் தள்ளுவண்டியில் பால்புட்டியோடு வந்ததில்லை.

அந்த ஒன்பது பேர் யாரென்றால்: கழுத்தில் பைனாகுலரோடு பிறந்து அதே பெயரால் அழைக்கப்படும் உன் நிரந்தர வாடிக்கையாளர், தையற்கடைக்காரம்மாவும் அவருடைய இரண்டு நாத்தனார்களும், ஒரு பல் டாக்டர், கழிப்பறை எங்கே என்று கேட்க வந்து மாட்டிக்கொண்ட ஒருவர், ஓர் இளம் தம்பதி, அவர்கள் குழந்தை. குழந்தை கணக்கில் வராது, நடந்தால்தான் நடை என்றார் வாயிற்காவலர். "கப்பல்ல போறவன் என்ன நீந்தியா போறான்? அவன் பயணி இல்லையா?" என்றேன். அவர் பதிலுக்கு, உன் பெயருக்கு வந்திருந்த ஒட்டிய உறை ஒன்றை மட்டும் என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். கையெழுத்துத் தாள் உன் மேசைக்குள், மேசைச் சாவி உன் கைப்பைக்குள், கைப்பை முந்நூறு மைலுக்கு அப்பால். ஆகவே அந்த உறையின் முதுகிலேயே கையெழுத்து வாங்குவது என்று முடிவு செய்தேன். பிரிக்கவில்லை. பிறர் கடிதத்தைப் பிரிக்கும் வழக்கம் நம் வம்சத்தில் உன் அம்மாவோடு நின்றுவிட்டது.

இப்போது உன் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் நாற்பது வருஷமாகச் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவன். கை தானாகக் கடைசிப் பக்கத்தைத்தான் பிரிக்கும். நீயோ எந்த இடத்துக்கும் பெயர் எழுதாமல் "இடப்பக்கம் நாற்பது அடி, அங்கே நில்" என்று மொட்டையாக எழுதி வைத்திருக்கிறாய். உன் கடைசிப் பக்கத்தை முதலாகக் கொண்டு வாசலிலிருந்து இடப்பக்கம் நாற்பது அடி போனால் எங்கே வரும் என்று உனக்குத் தெரியுமா? பம்ப் அறைக்குப் பின்புறம் வரும். "எல்லோரையும் கண்மூடச் சொல், வசந்தத்தின் குரல் கேட்கும்" என்று போட்டிருந்தது. மூடச் சொன்னேன். மூடினார்கள். அந்த நேரம் பார்த்து மோட்டார் ஓடத் தொடங்கியது. தையற்கடைக்காரம்மா மட்டும் கண்ணைத் திறக்காமலேயே, "நம்ம மெஷினுக்கு எண்ணெய் போடாதப்போ இதே சத்தம்தான்" என்றார்.

அடுத்தது வலப்பக்கம் அறுபது அடி, "அண்ணாந்து பார், மரங்கொத்தி". கருவிக் கொட்டகை வந்தது. கூரைமேல் தச்சர் ஒருவர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். டொக் டொக் என்று கேட்டதும் எல்லோரும் பக்தியோடு அண்ணாந்தார்கள். பைனாகுலர் அரை நிமிடம் குறிபார்த்துவிட்டு, "சார், சட்டை போட்டிருக்கு" என்று என் காதில் சொன்னார். தச்சர் குனிந்து பார்த்தார். தன் வேலையை இத்தனை பேர் மூச்சுவிடாமல் கவனிப்பதை அவர் வாழ்நாளில் கண்டதில்லை போலும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அடுத்த ஆணியை ஒரே அடியில் இறக்கினார். நாத்தனார்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில், ஓடி வந்துகொண்டிருந்த ஒரு பருத்த மனிதர் ஓடாமலிருக்க ஒரு காரணம் கிடைத்த சந்தோஷத்தில் எங்களோடு சேர்ந்தார். பத்து. பெஞ்சில் சதுரங்கத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு சண்டையோடு வந்தார்கள். பன்னிரண்டு.

அதற்கடுத்த பக்கம், "ஆழமாக மூச்சிழுக்கச் சொல், வசந்தத்தின் மணம்". நாங்கள் நின்ற இடம் உரக்குழி. இழுத்தார்கள். பல் டாக்டர் தன் தொழிலில் எவ்வளவோ பார்த்தவர், அவரே கைக்குட்டையை எடுத்தார். என் படை கலைந்திருக்கும். அப்போது உரக்குழிக்குள்ளிருந்து, நான் பொய் சொல்லவில்லை, தோட்டக்காரர் எழுந்தார். இத்தனை பேர் தன் குழியைத் தேடி வந்ததைக் கண்டதும் அவருக்கு என்ன ஆயிற்றோ, ஒரு பிடி உரத்தை அள்ளி, "இது போன வருசத்து இலை. மண்புழு தின்னு தின்னு இப்படி ஆக்கிருச்சு. மோந்து பாருங்க, மழை பெஞ்ச வாசம் வரும்" என்றார். வந்தது. ஆளுக்கு ஒரு பிடி கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். கேள்வி கேட்டார்கள், மருமகளே, அவர் பதில் சொன்னார். இருபது நிமிடம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் உத்தரவு அந்த ஓர் இடத்தில் நிறைவேறியது. திருமணத்துக்கு முன்னால் படமெடுக்க வந்த ஒரு ஜோடியும் பூச்செண்டோடு வந்து மண்புழுவை வேடிக்கை பார்த்தது. பதினாலு. அவர்களுடைய புகைப்படக்காரரைச் சேர் என்றால், "நான் டியூட்டில இருக்கேன்" என்று மறுத்துவிட்டார்.

ஆக, ஒரே ஓர் ஆள் குறை. எஞ்சியிருந்ததும் ஒரே ஒரு பக்கம். அதன்படி போனோம். "குரலைத் தாழ்த்து. யாரும் அசையாமல் நீரோரம் காத்திரு." நீரே இல்லை. மேலாளர் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்தத்தில் நின்றோம். நாலு கார், ஒரு பூந்தொட்டி. பைனாகுலர் பொங்கிவிட்டார். "மூணு வருஷமா வர்றேன் சார். இங்க ஒரு நாளும் வந்ததில்ல. என்னத்தப் பாக்க நிக்கிறோம்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழிப்பறை தேடி வந்தவர் ஏற்கெனவே ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போடாமல் கலைந்தால் எல்லாம் போச்சு. உண்மையைச் சொல்வதானால் எனக்கும் தெரியவில்லை. ஆனால் நீ காத்திரு என்று எழுதியிருந்தாய். "காத்திருங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, பதினாலு பேரும் நின்றார்கள். சதுரங்கக்காரர்கள்கூடச் சண்டையை நிறுத்தினார்கள்.

பூந்தொட்டி அசைந்தது. இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை. பிறகு ஒரு வாத்து, காட்டு வாத்து, ராஜமாதா மாதிரி இறங்கியது. அதன்பின் தொட்டி விளிம்பிலிருந்து மஞ்சள் பஞ்சுப்பொதிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்பது. நீ எழுதிய வழியில் போயிருந்தால் சத்தியமாக ஒருவரும் பார்த்திருக்க மாட்டோம். குஞ்சுகளைக் குளத்துக்கு அழைத்துப்போக வாத்து தேர்ந்தெடுத்த முகூர்த்தம் அது. அதே முகூர்த்தத்தில் மேலாளர் கக்கத்தில் கோப்போடு வந்து, எங்களைப் பார்க்காமல் காரில் ஏறி, பின்பக்கமாக எடுத்தார்.

நான் காருக்குப் பின்னால் போய்க் கையை விரித்து நின்றேன். என் உடம்பு ஒரு காரை நிறுத்தக்கூடியது என்பது உனக்குத் தெரியும். நின்றது. "என்ன சார் இது?" என்று தலையை நீட்டினார். பதினாலு பேரும் ஒரே மூச்சில், ரகசியமாக, "வாத்து" என்றார்கள்.

அந்த மனிதர் கோப்போடேயே இறங்கினார். பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பிறகு நடந்ததைப் பாடக் கவிஞன்தான் வேண்டும். ஓட்டக்காரர் உண்மையிலேயே ஓடி முன்கேட்டைத் திறந்தார். மேலாளர் சாமான் ஏற்றி வந்த வேனை ஒற்றைக் கையால் நிறுத்தினார். கல்யாணப் பெண் பூச்செண்டால் ஒரு நாயை மரியாதையாகத் திருப்பி அனுப்பினாள். எட்டுக் குஞ்சு நடைபாதை விளிம்பில் ஏறிவிட்டன, ஒன்பதாவதற்கு எட்டவில்லை. எம்பும், விழும், எம்பும், விழும். மேலாளர் முழங்காலில் உட்கார்ந்து கையிலிருந்த கோப்பைச் சாய்த்துவைத்தார். அதன் அட்டையில் "கார் நிறுத்த விரிவாக்கம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. குஞ்சு அதன்மேல் ஏறி, நடுவில் ஓர் அடையாளமும் வைத்துவிட்டு, மேலே போயிற்று.

தாயோடு சேர்த்துப் பத்தும் குளத்தில் இறங்கின. பைனாகுலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் தூசி என்றார். நான் உறையையும் பேனாவையும் மேலாளரிடம் நீட்டினேன். "நீங்களும் நடந்தீங்க சார்" என்றேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயா?" என்றார். "இதுலதான்." சிரித்தார். போட்டார். பதினைந்து.

உன் கணுக்கால் இரும்பாகட்டும், உன் ஏணி குட்டையாகட்டும், உன் சனிக்கிழமைகளில் கூட்டம் தேர்போல் நகரட்டும் என்று வாழ்த்தி, அக்காவுக்கு அன்பும் அத்தானுக்கு அனுதாபமும் தெரிவித்து நிறுத்தும்,

உன் மாமன்,
குளம் காத்தவன்.

பின்குறிப்பு: கையெழுத்துகளை உனக்கு அனுப்பலாம் என்று உறையை எடுத்தால், என் சட்டைப்பையின் வியர்வையில் அது தானாகவே வாயைப் பிளந்திருந்தது. மேலாளர் வெள்ளிக்கிழமை எழுதிய கடிதம். குளத்தைப் பற்றி நீ எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்தாராம். ஆள் கணக்குச் சட்டம் ரத்து, கார் நிறுத்த யோசனை கைவிடப்பட்டது, நடைகள் இனி எல்லாப் பருவத்திலும் உண்டு, இந்தச் சனிக்கிழமை ஒருவரும் வரவேண்டாம், கால் குணமானதும் வந்தால் போதும். அப்படியானால் அந்தக் கோப்பை அன்று பழைய காகிதத்தில் போடத்தான் எடுத்துப் போயிருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டே முழங்காலில் உட்கார்ந்து, தன் கடிதத்தின் முதுகிலேயே கையெழுத்தும் போட்டுவிட்டுப் போன மனிதரை இனி நாம் குறை சொல்லக்கூடாது. ஆகவே மேலே எங்கெல்லாம் நான் காப்பாற்றியதாகவோ காத்ததாகவோ வருகிறதோ, அங்கெல்லாம் அடித்துவிட்டு "கூட நடந்தேன்" என்று திருத்திக்கொள். முதல் பத்தியை மட்டும் தொடாதே. அதை உன் அம்மா படிப்பாள்.