பின்கதவைத் தானம் செய்தேன்

கல்யாணமாகிப் பதினெட்டாவது வருஷம் ஒரு முடிவுக்கு வந்தேன். என் மனைவியிடமிருந்து சாவிக்கொத்தைப் பறித்தே தீருவது! அரசாங்கங்களே கவிழ்கின்றன, இவள் ஆட்சி கவிழாதா என்ன?

கேட்டால் தரமாட்டாள். ஆகவே வாசலுக்குச் சாவியே இல்லாத பூட்டு வாங்கினேன். உள்ளேயிருந்தாலும் வெளியேயிருந்தாலும் கைப்பேசியைத் தொட்டால்தான் திறக்கும். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாமே அதே கம்பெனி, எல்லாமே என் கைப்பேசியில்.

"சரி, மாத்திக்கோங்க" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "பின்கதவு மட்டும் பழைய பூட்டோட இருக்கட்டும். துணி காயப்போடப் போற வழிதானே."

போனால் போகிறதென்று தானம் செய்தேன். "ஆனா இனிமே கதவு விஷயத்துல நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது!"

பத்து நாள் ஆண்டேன். பதினோராம் நாள் காலை பத்து மணிக்குப் பதவி உயர்வு நேர்காணல். குளிக்குமுன், இடுப்பில் துண்டோடு குப்பை கொட்ட வெளியே வந்தேன். கையில் கைப்பேசி; ராஜா செங்கோல் இல்லாமல் நடப்பாரா? கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தொட்டேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"வெளிநாட்டுல எங்க சர்வர் இருக்கிற ஊர்ல ஏதோ கோளாறு சார். புகாரை எங்க ஆப்ல பதிவு பண்ணுங்க."

"அந்த ஆப்தானேம்மா வேலை செய்யல!"

"அதையும் ஆப்ல பதிவு பண்ணலாம் சார்."

என் கதவு என் மூக்குக்கு நேரே இருக்கிறது. அதைத் திறக்க எவனோ கடலுக்கு அப்பால் மனசு வைக்க வேண்டுமாம்.

எதிர்வீட்டுப் பல் டாக்டரும் துண்டோடு வாசலில் நின்றார்.

"நீங்க வேற கம்பெனியாச்சே டாக்டர்?"

"பேர்தான் வேற. ரெண்டு கம்பெனிக்கும் சர்வரை வாடகைக்கு விட்டவன் ஒருத்தனாம்!"

கதவை இடித்தேன். உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "அந்தக் கதவு என் போன்ல இல்லையே!"

ஒன்பதேகாலுக்கு, கைப்பையோடு வேலைக்குக் கிளம்பி, வீட்டின் பக்கவாட்டிலிருந்து நடந்து வந்தாள்.

"நீ எப்படி வெளிய வந்தே?"

"பின்கதவு வழியா."

அந்தக் கதவு எனக்கு ஞாபகமே வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது துணி காயப்போட்டிருந்தால் வந்திருக்கும்.

"ஒரு மணி நேரமா நிக்கிறேன்! ஏன் சொல்லல?"

"கதவு விஷயத்துல ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னீங்களே."

"தாயே, சாவியைக் கொடு. நேர்காணல் போயிடும்!"

கொத்தை எடுத்தாள், கொடுக்கவில்லை. "சாவியே வேண்டாம்னு சொன்னவர்தானே நீங்க? அப்போ பைக் சாவியும் இனிமே இதுலயே இருக்கட்டும். சரியா?"

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினேன்.

பதவி உயர்வு கிடைத்துவிட்டது. அலுவலகத்தில் என் உத்தரவுக்குப் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அங்கே போவதற்குப் பைக் சாவியைத்தான் தினமும் காலையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, துணி காயப்போட்ட பிறகு.