உள்ளிருந்து உருவிய லட்டு

பித்தளைத் தாம்பாளம் தரையில் விழுந்து, சுழன்று, சுழன்று, அடங்க மனசில்லாமல் அடங்கும் சத்தம் எங்கே கேட்டாலும் என் காது மடல் சூடாகிவிடும். உடனே நெய் வாசனை. உடனே பிச்சாட்டூர். உடனே என் நிச்சயதார்த்தம்.

அப்போது நான் திருப்பதியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவன். கண்ணிமைப்பதே ஒரு யுகம் எனத் தோன்றுமளவு குறுகிய, ஆனால் மூர்க்கமான எக்ஸ்ரே துடிப்பு பட்டால் அணு என்ன ஆகும் என்பதுதான் என் ராப்பகல் கவலை. (அணுவுக்கே அந்தக் கவலை இல்லை.)

பெண் வீட்டுக் கூடத்தில், சித்தூரிலிருந்து நாங்கள் கொண்டுபோன சீர்த்தட்டுகள். நடுவில் மணைமேல் பித்தளைத் தாம்பாளத்தில், திருச்சானூர்க் கடையில் வாங்கிய லட்டுகள் கோபுரமாக. தட்டு மாற்றினால்தான் சம்பந்தம் உறுதி. இன்னும் மாற்றவில்லை. அந்த இடைவெளியில் பெண்ணின் அத்தை கேட்டார்: “எக்ஸ்ரேன்னா எலும்பு பாக்கறதுதான? ஆஸ்பத்திரில வேலையா?”

நைனா என் தொடையைக் கிள்ளி, “ஆமான்னு சொல்லிட்டு கம்முனு இரு” என்றார். இருந்தேனா?

“இந்தக் கோபுரம்தான் அணுன்னு வைங்க. லட்டுங்க எலெக்ட்ரான். சாதாரண வெளிச்சம் மேல இருக்கறதத்தான் தட்டும். எக்ஸ்ரே அப்டி இல்ல அத்தே. நேரா உள்ள போயி, அடியில இருக்கறத உருவும்!”

உருவினேன்.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. உள்ளே குழியோடு, வெளியே கம்பீரத்தோடு நின்றது கோபுரம். உள்ளே காலியான அணுவும் அப்படித்தான், ஒரு துளி நேரம் நிற்கும். பிறகு மேலிருந்த லட்டு குழிக்குள் இறங்கியது. இறங்கிய வேகத்தில் பக்கத்து லட்டை வெளியே தள்ளியது. அணுவுக்குள் நடப்பது அச்சு அசலாக!

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று கைதட்டினேன். (அந்தக் கூடத்தில் கைதட்டிய ஒரே ஆள்.)

கோபுரம் சரிந்தது. அணைக்கப் பாய்ந்தேன், முழங்கை பட்டுத் தாம்பாளமும் கவிழ்ந்து சுழன்றது. லட்டுகள் கட்டிலுக்கடியில், அத்தையின் மடியில், ஒன்று வாசல் தாண்டித் தெருவிலேயே.

“மாத்தறதுக்கு முன்னயே கொட்டிச்சே! அபசகுனம் அண்ணே, இந்த சம்பந்தம் வாணாம்” என்றார் அத்தை. மாமனார் ஆகவேண்டியவர் குனிந்து, காலடியில் கிடந்த ஒரு லட்டைப் பொறுக்கினார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டார், கிளம்பத் தயாராக. எனக்குள்ளும் ஒரு குழி. இடிந்து விழுவதுதான் பாக்கி.

அறைவாசலில் நின்றிருந்த வசந்தி, என் மணப்பெண், அப்போதுதான் வாயைத் திறந்தாள்:

“இன்னா அத்தே, அவரு சொன்னாரு, சொன்ன மாதிரியே வுழுந்துச்சு. சொன்னதச் செஞ்சு காட்ற மாப்ள வேற எங்க கெடைப்பாரு?”

முதலில் மாமனாரின் வயிறு குலுங்கியது. பிறகு மீசை. பிறகு கூடமே. அத்தையின் மடியில் விழுந்து தப்பிய லட்டுகளை வைத்தே தட்டு மாற்றினார்கள்.

இன்றும் எந்த விசேஷத்திலும் லட்டுத் தட்டு என் பக்கம் வருவதில்லை. கிண்ணத்தில் ஒற்றை லட்டுதான் வரும். போன மாதம் பிச்சாட்டூரிலிருந்து நானும் வசந்தியும் புறப்பட்டபோது, நகரும் பஸ்ஸின் ஜன்னல் வழியே மாமனார் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்.

“லட்டு மாப்ள. மேலேர்ந்து எடுத்துத் துன்னுங்க.”