சோதினை பாஸான எண்ணெய்

எஞ்சின் எண்ணெயை இனித் தவணை பார்த்து மாற்றுவதில்லை என்று தியாகலிங்கம் மாஸ்ரர் ஒரு சனிக்கிழமை காலை முடிவெடுத்தார். அதை மனைவி சறோஜினிதேவிக்கு அறிவிக்க அவர் குசினி வாசலில் வந்து நின்ற தோரணையைப் பார்த்தால், நாட்டின் அரசியலமைப்பையே மாற்றப்போகிறவர் போல இருந்தது.

மாஸ்ரர் நெடுந்தீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். திங்கள் படகேறினால் வெள்ளிதான் ஊர்காவற்றுறை வீட்டுக்கு வருவார். கிழமை முழுக்க அவருடைய பெற்றோல் வான் முற்றத்தில் படங்கு போர்த்தபடி நிற்கும். படுத்துக் கிடக்கிற வானுக்கு எதற்குப் புது எண்ணெய்? சோதித்துப் பார்த்து, பழுதானால் மாற்றினால் போதும் என்றார். சறோஜினிதேவி புட்டு அவித்துக்கொண்டே ஓம் என்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவ்வளவு இலேசாக ஓம் சொன்னதில்லை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

சோதினை சுகமானது. பள்ளிக்கூடத்து வடிதாளில் ஒரு துளி எண்ணெய். நடுவில் கறுத்துத் திட்டாக நின்றால் பெயில். பொன்னிறமாகப் பரவினால் பாஸ். முதல் துளி மண்ணிறமாக இருந்தது. மாஸ்ரர் இரக்கப்பட்டுக் கரையேற்றி விட்டார். அடுத்த சனி சொட்டிப் பார்த்தால் துளி தேன் மாதிரிப் பரவியது. ஊத்தை எண்ணெய் எப்படித் தெளிந்தது? பகல் முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தார். எண்ணெய்க்கும் ஓய்வு வேண்டும். கிழமை நாளில் சும்மா நிற்கும்போது அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது.

ஓய்வெடுத்தால் ஆருக்கும் நல்லதுதானே என்று சறோஜினிதேவியும் ஒத்துக்கொண்டாள்.

மாஸ்ரருக்கு இது வீட்டுக்குள் அடங்கும் கண்டுபிடிப்பாகப் படவில்லை. பக்கத்து வளவு பத்திநாதர் எஞ்சின் வள்ளத்தில் எழுவைதீவுக்கு அப்பால் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். இரவில் கடலிலும் பகலில் நித்திரையிலும் இருப்பார். அன்று கண்விழித்திருந்த அவரிடம் வேலிக்கு மேலால் வடிதாளை நீட்டி மாஸ்ரர் பாடம் எடுத்தார். பத்திநாதர் பயபக்தியோடு கேட்டார். இந்தச் சோளகக் காற்று முடியுமட்டும் தன் வள்ளத்துக்கும் எண்ணெய் மாற்றாமல் ஓய்வு கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

குசினியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. சறோஜினிதேவி கையைத் துடைத்துக்கொண்டு வேலியடிக்கு வந்தாள்.

“அண்ணை, எண்ணெயை மாத்திப்போட்டுக் கடலுக்குப் போங்கோ. எங்கட வானுக்குப் புது எண்ணெய் விட்டபடியால்தான் அது தெளிஞ்சது.”

“ஆர் விட்டது?” என்றார் மாஸ்ரர்.

“நான்தான். வேலணைக் கராஜில. பழசு கோப்பி மாதிரி வடிஞ்சது.”

“வான் எப்பிடி வேலணைக்குப் போனது?”

“ஓட்டிக்கொண்டு போனனான்.”

லீவுக்கு வான் ஓட்டப் பழக்கிறேன் என்று மாஸ்ரர் அவளுக்குச் சொல்லிச் சொல்லியே லீவுகள் கழிந்தன. அவள் யாழ்ப்பாணத்தில் ஓட்டப் பழக்கும் இடமொன்றில் சேர்ந்தாள். அவர் நெடுந்தீவில் இருக்கும் நாட்களில் வானை வெளியே எடுத்தாள். வெள்ளிக்கு முதல் படங்கைப் பழையபடி போர்த்தாள். இப்போது லைசென்ஸை எடுத்து நீட்டினாள். படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மாஸ்ரர் கடைசியாக ஒரு பிடி தேடினார். முதல் கிழமை எண்ணெய் பாஸானது உண்மைதானே என்றார்.

“எண்ணெயோ? அதை நீங்களெல்லோ தூக்கி விட்டனீங்கள். சோதினை பாஸானது நான்.”

கோபம் வரும் என்று மாஸ்ரர் காத்திருந்தார். வரவில்லை. வெள்ளி பின்னேரங்களில் படகால் இறங்கி, குறிகட்டுவான் துறையில் பஸ் பார்த்து நின்று காய்வதுதான் நினைவுக்கு வந்தது. இனி அவள் வந்து ஏற்றிக்கொண்டு போவாள். நினைக்க நெஞ்சுக்குள் குளிர்ந்தது.

வள்ளத்துக்கு எண்ணெய் வாங்க இப்பவே போவோம் என்றாள் அவள். பத்திநாதர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மாஸ்ரர் பெருந்தன்மையோடு வான் திறப்பை அவளிடம் கொடுத்துவிட்டு, முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

“முன்னுக்கு அண்ணை இருக்கட்டும்,” என்றாள் சறோஜினிதேவி. “நீங்கள் பின்னுக்கு ஏறிக் கதவை இழுத்துப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. அது தன்ரபாட்டில பூட்டாது.”