பத்துக்கு முன்னால் வந்த ஒன்பது

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பயத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அம்மா தூங்கிவிட்டாள் என்று நம்பி, திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்து இதை எழுதுகிறேன். சாயங்காலம் போனில் உங்களுக்குச் சரியாக நன்றி சொல்ல முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன் அல்லவா, அம்மா கதவைத் தட்டி, தொட்டியே காலியாகிவிடும் என்றாள்.

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் மென்பொருள் பொட்டலங்கள் எல்லாம் மூலையில் உள்ள ஓர் இயந்திரத்தில்தான் இருக்கின்றன. முன்பெல்லாம் ஒன்று வேண்டுமென்றால் மற்ற இயந்திரங்கள் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்க்கும். அதற்குள் வகுப்பே முடிந்துவிடும். பிரிக்காமலே தெரிந்துகொள்ள வெளியே ஓர் அட்டவணை வை, பெயர், பதிப்பு, கூட எது தேவை, இவ்வளவு போதும் என்று சொல்லி, உங்கள் ஆபீஸ் மாதிரி நிரலையும் அனுப்பினீர்கள். அதை வைத்துத்தான் செய்தேன். எதையும் பூட்டிவைத்தே பழகியதால் நாங்கள் பூட்டு டீச்சர் என்று கூப்பிடுபவர்கூட என்னைப் பாராட்டி, அறைச் சாவியை என் கையில் கொடுத்தார். அங்கேதான் எனக்குத் தலைகால் புரியாமல் போனது. நாளைய கண்காட்சிக்காக எல்லா இயந்திரங்களையும் துடைத்துப் புதிதாக ஏற்றச் சொன்னார், ஏற்றினேன், ஓவிய மென்பொருளில் இருப்பதிலேயே புதியது எது என்று அவை அட்டவணையைக் கேட்டன, அட்டவணையோ அகராதி மாதிரி முதல் எழுத்தை மட்டும் பார்த்து, ஒன்று என்ற இலக்கத்தில் தொடங்கும் பத்தைவிட ஒன்பதுதான் பெரியது என்று சொல்லிவிட்டது, எல்லாவற்றிலும் பழைய ஒன்பதாம் பதிப்பு உட்கார்ந்துகொண்டது, பத்தாம் பதிப்பில் வகுப்பே ஒரு வருஷமாக வரைந்த படங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. என் பெஞ்சுக்காரி, "உன் படமாவது தொறக்குதாடி?" என்றாள். அதுவும் இல்லை. டீச்சருக்கு இன்னும் தெரியாது.

நீங்கள் திட்டவே இல்லை, மாமா. "பொட்டலத்தத் தொட்டியா?" என்றீர்கள். இல்லை என்றேன். "அப்புறம் என்ன? மேல ஒட்டின சீட்டுதான் தப்பு. அதக் கிழிச்சுட்டு வேற எழுது. எண்ண எழுத்தாப் பாக்காம எண்ணாப் பாக்கச் சொல்லு. அழாத, கீபோர்டு நனைஞ்சா அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல." அந்த ஒரு பேச்சில் போன உயிர் திரும்பி வந்தது. இப்போதுதான் வீட்டுக் கம்ப்யூட்டரில் திருத்திப் பார்த்தேன். பத்து மேலே வந்து சமர்த்தாக நிற்கிறது. காலையில் முதல் மணிக்கு முன்னால் போய் மாற்றிவிடுவேன்.

தவறு முழுக்க என்னுடையது. இவ்வளவு பெரிய நிபுணரின் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு கெடுத்தேனே என்று வெட்கமாக இருக்கிறது. உங்களைப் போல ஒரு மாமா எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் திட்டினால் உங்களுக்கே இன்னும் பயம்தான் என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

அத்தைக்கு என் அன்பு. குட்டிப் பாப்பாவுக்கு முத்தம்.

என்றும் நன்றியுள்ள,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: அனுப்பும் முன் உங்கள் மாதிரியை ஒருமுறை திறந்து பார்த்தேன். எழுத்து வரிசையில் அடுக்கும் அந்த வரி அதிலேயே இருக்கிறது. பக்கத்தில், "நன்றாக வேலை செய்கிறது, யாரும் தொடாதீர்கள்" என்று உங்கள் குறிப்பும் இருக்கிறது. உங்கள் ஆபீஸ் மென்பொருளில் இன்னும் ஒன்பதாம் பதிப்புதான் ஓடுகிறது என்று போன மாதம் சொன்னீர்கள். பத்து வருவதற்குள் திருத்திவிடுங்கள். பயப்படாதீர்கள் மாமா, அம்மாவிடம் சொல்லமாட்டேன்.