ஆமா அண்ணாச்சி போடாத ஒரு ஆமா

முன்வரிசையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு கலையை, அது செத்துப்போய்விட்டது என்று பக்கம் பக்கமாக எழுதி, அதன் முகத்துக்கு நேரே மைக்கில் வாசித்த மடையன் நான். பிறர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன் என்பதால் இந்த மடமைக்கு மாதச் சம்பளமும் உண்டு.

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களில் 'இல்லை' என்ற சொல்லைத் தொடாமலே அறுபதைத் தாண்டிய மனிதர் ஒருவர்தான். சேரன்மகாதேவிக்காரர். பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் ஆமா அண்ணாச்சி. வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவர். கோயில் கொடைத் திருவிழாவில் பாட்டுக்காரம்மா கதையை வரி வரியாக எடுத்துவிட, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலிருந்து "ஆமா" போடுவதும் அவர் வேலை. அந்த ஆமா விழாமல் அடுத்த வரி எழும்பாது.

பழக்கம் மேடையோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. யார் எதைச் சொல்லி மூச்சு வாங்கினாலும் அந்த இடைவெளியில் ஓர் ஆமா வந்து விழும். டிக்கெட் எடுத்தாச்சா என்று நடத்துநர் கேட்டால் ஆமா. அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறி, எடுக்கவில்லையா என்றால் அதற்கும் ஆமா.

பாளையங்கோட்டைச் சர்ச்சில் நண்பர் மகளுக்குக் கல்யாணம். இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டு, முறைப்படி கொஞ்சம் நிறுத்தினார். மூன்றாவது பெஞ்சிலிருந்து கணீரென்று "ஆமா." மாப்பிள்ளைக்குக் கோட்டுக்குள் வேர்த்தது. பெண்ணைப் பெற்றவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உமக்கா ஆட்சேபணை என்று போதகர் நடுங்கிக் கேட்க, அதற்கும் ஆமா. யாரோ புத்திசாலி எழுந்து, "அப்போ கல்யாணத்த நடத்திரலாமா?" என்று கேட்டபிறகுதான் தாலி ஏறியது. வெளியே எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரோ, "அவரு கொரல எறக்கி நிப்பாட்டுனாருலா. அங்கன போடாம வேற எங்கன போடச் சொல்லுதிய?" என்று எங்களையே திட்டினார்.

எங்கள் கல்லூரியில் நடந்த நாட்டார் வழக்காற்றியல் கருத்தரங்கத்துக்கு ஒருமுறை அவரை அழைத்தோம். அதன்பின் அழைப்புக்கு அவர் காத்திருந்ததே கிடையாது. எந்தக் கருத்தரங்கம் என்றாலும் முன்வரிசை நாற்காலி அவருடையது. அவர் வீட்டில் கத்திரிக்காய் வாங்கப் போகிற பையில்கூடப் 'பன்னாட்டு ஆய்வரங்கம்' என்றுதான் அச்சடித்திருக்கும்.

போன வருஷக் கருத்தரங்கத்தின் கடைசி நாளில், நிறைவு நிகழ்ச்சியாக அவருடைய குழுவே பாடுவதாக ஏற்பாடு. கொடைக்கு வெளியே, படித்தவர்கள் முன்னால் அவர்கள் ஏறப்போகிற முதல் மேடை. வில்லும் குடமும் வாசலில் வேனில் காத்திருந்தன. தலைமை தாங்க வந்த வெளியூர்ப் பேராசிரியருக்கோ ரயிலைப் பிடிக்கும் அவசரம். பழைய வீடியோ ஒன்றைத் திரையில் ஓட்டி முடித்துவிடலாமே என்றார். அவருக்கு ஆதாரம் கொடுத்த புண்ணியவான் நான்தான். வில்லுப்பாட்டு அழிந்துவிட்டது, இனிப் பதிவுகளைத் திரையிடுவதே நாம் செய்யக்கூடிய மரியாதை என்று முடிந்தது என் கட்டுரை.

வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரிக்கே "ஆமா." தலைவர் மணியைத் தட்டி, பெரியவரே, இங்கே பேசக்கூடாது, மீறினால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

"நான் எங்கய்யா பேசுதேன்? ஆமாதான போடுதேன். வெளிய தூக்கிப் போட்டாலும் சன்னல் வழியா போடுவேன்."

தலைவர் மணியைக் கீழே வைத்தார். நான் தொடர்ந்தேன். உள்ளதைச் சொன்னால் என்ன, என்னையே தூங்க வைக்கும் அந்தக் கட்டுரை, ஆமா விழ விழக் குதிரை மாதிரி ஓடியது. அடிக்குறிப்புக்கெல்லாம் ஆமா. எனக்குத் தலைக்கனம் ஏறி, ராகம் போட்டு வாசித்தேன்.

கடைசிப் பக்கம். "வில்லுப்பாட்டு இன்று உயிருடன் இல்லை" என்று நிறுத்தினேன்.

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் வாசித்தேன். கையைக் கட்டிக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டு, மைக்கை வாய்க்குள் வைக்காத குறையாக மறுபடியும் வாசித்தேன். அரங்கமே அவர் வாயைப் பார்த்தது. மேலே படியுங்கள் என்று தலைவர் அதட்டினார். படிக்க முடிந்தால்தானே? பாட்டுக்காரர்களின் வியாதி எனக்கும் தொற்றியிருந்தது. ஆமா விழாமல் அடுத்த வரி வரவில்லை. ரயில் நேரம் நெருங்க, மணியடித்துத் தடுத்த அதே தலைவர் எழுந்து கும்பிட்டார். "பெரியவரே, ஒரே ஒரு ஆமா போட்டுவிடுங்களேன்."

"போட மாட்டேன். வில்லு வாசல்ல வேன்ல கெடக்கு. பாட்டுக்காரி அங்கன வெத்தல போட்டுக்கிட்டு இருக்கா. அவ கிட்ட போயி நீ செத்துட்டேன்னு இவர வாசிக்கச் சொல்லும். அவ ஆமான்னா நானும் போடுதேன்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். நான் பாட்டுக்காரம்மாவையும் அவளுடைய வெற்றிலையையும் நினைத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் எழுதினது தப்பு" என்றேன். சொல் தரையில் விழுவதற்குள் "ஆமா!" மைக் கீச்சிட்டது. மேடை போடலாமா என்று நான் கேட்டதற்கு மொத்த அரங்கமும் ஆமா போட்டது.

தலைவர் கோபத்தோடு ரயிலுக்குப் போனார். ரயில் இரண்டு மணிநேரம் தாமதமாம். வீடியோவைத் தனியாகப் பார்த்திருப்பார்.

சாயங்காலம் வில் மணிகள் அதிர்ந்ததில் கல்லூரியின் சன்னல் கண்ணாடிகளும் ஆமா போட்டன. எல்லாம் முடிந்து, அண்ணாச்சி குடத்தைத் துணியில் பொதிந்துகொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் அவரைச் சாகடிக்கப் பார்த்தவன், பையப் போய்ப் பக்கத்தில் நின்றேன். வரப்போகிற பதில் தெரிந்ததுதான். அவரிடம் இருப்பது ஒரே பதில். இருந்தாலும் கேட்டேன்.

"அண்ணாச்சி, எம்மேல கோவம் இருக்கும்லா?"

முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இல்ல வே."