கம்பி மேஸ்திரியின் சந்தேகங்கள்

தான் கட்டியிருக்கும் வேட்டியையே சந்தேகப்பட்ட மனிதர் சென்னைப் பட்டணத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு நான் நாலு வருஷம் வேலை பார்த்தேன். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை எல்லோரும் அவரைக் கம்பி மேஸ்திரி என்றுதான் சொன்னார்கள்.

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் கம்பெனியின் எண்ணெய்க் கிடங்கு. கப்பலில் வரும் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பெரிய இரும்பு டாங்கிகளில் இறங்கும். அங்கிருந்து பீப்பாய்களிலும் தகர டின்களிலும் நிரப்பி வண்டி ஏற்றுவோம். பட்டணத்தில் மோட்டார் கார்கள் பெருகிக்கொண்டிருந்த முப்பதுகளின் ஆரம்பம் அது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அங்கே குமாஸ்தா வேலை கிடைத்தது. முதல் நாள் கேட்டிலேயே கம்பி மேஸ்திரி என்னை மறித்தார். நெடுநெடுவென்று ஓர் ஆள். இடுப்பில் அரைஞாண் மாதிரி செம்புக் கம்பி சுற்றியிருந்தது. இடது புருவம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்தான்.

"இன்னா துணி நைனா இது?"

"பட்டு அங்கவஸ்திரம்."

நல்ல பாம்பு என்று நான் சொல்லிவிட்டதுபோல அவர் இரண்டடி பின்னால் போனார்.

"பாக்கெட்ல இன்னா கீது?"

"சீப்பு."

"மர சீப்பா, கொம்பு சீப்பா?"

"கொம்பு."

"வூட்லயே சீவிக்கினு வந்தியா, உள்ள வந்து சீவிக்கலாம்னு கொண்டாந்தியா?"

பட்டும் சீப்பும் கேட்டிலேயே தங்கின. பக்கத்தில் ஓர் இரும்பு முளை மண்ணில் அடித்திருந்தது. அதன் அடியில் ஈரம். அதைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொன்னார். எல்லைச்சாமி போலிருக்கிறது என்று நினைத்து நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"கும்புடல்லாம் வாணாம். தொட்டா போதும்."

கிடங்கு முழுக்க அந்த மாதிரி முளைகள் உண்டு. தினமும் காலையில் அவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் அவருடைய முதல் வேலை. துளசிக்கு ஊற்றுவதுபோல் அவ்வளவு சிரத்தை. பிறகு டாங்கிக் குழாய்க்கும் பீப்பாய்க்கும், பீப்பாய்க்கும் முளைக்கும் செம்புக் கம்பியை மாட்டுவார். மாட்டாமல் ஒரு சொட்டு இறக்க விடமாட்டார். குழாய் முனை பீப்பாயின் அடியைத் தொட வேண்டும், மேலேயிருந்து அருவி மாதிரி கொட்டக் கூடாது, மெதுவாகத்தான் திறக்க வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"எண்ண கொழாயில ஒரசிக்கினே ஓடுது நைனா. ஒரசினா அதுக்குக் கோவம் வருது. அந்தக் கோவத்த மண்ணுல எறக்கி வுடணும். நாம எறக்கலன்னா அதுவா ஒரு எடம் பாத்துக்கினு எறங்கும். நெருப்பா எறங்கும்."

உரசலில் மின்சாரம் பிறக்கும் என்று பள்ளிக்கூடத்தில் நானும் படித்தவன்தான். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோன விஷயத்தை ஒரு மனிதர் இப்படிச் சொந்தப் பகை மாதிரி நடத்துவார் என்று யார் கண்டது?

கோடையில் மேற்கேயிருந்து வறண்ட மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் அவருக்குத் தூக்கமே போய்விடும். கடல்காற்று ஈரக்காற்று, அது வந்தால் எண்ணெயின் கோபம் அடங்கும் என்பது அவர் கணக்கு. காய்ந்த துணியும் உரசும் என்று, மேல்காற்று அடிக்கிறவரை வேட்டியை நனைத்துத்தான் கட்டுவார். சொட்டச் சொட்ட அவர் நடந்துவருவதைப் பார்த்து வழியெல்லாம் "யார் வூட்ல சாவு?" என்று விசாரிப்பார்கள். ஒருமுறை எங்கள் துரையின் மனைவி சடைநாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கைச் சுற்றிப்பார்க்க வந்தாள். மேஸ்திரி வழியை மறித்து நின்றுகொண்டார். "அம்மா வரட்டும். நாய் வராது. ஒடம்பெல்லாம் மயிரு," என்றார். நான் அதை இங்கிலீஷில் கொஞ்சம் மரியாதையாக மாற்றிச் சொன்னேன். துரை சிரித்துவிட்டார். நாய் காரிலேயே இருந்து குரைத்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான், எங்கள் பெரிய கிளார்க். ஸ்டோரில் செம்புக் கம்பிச் சுருள் குறைந்துகொண்டே வந்ததை அவர் கண்டுபிடித்திருந்தார்.

"இடுப்புல சுத்திக்கிட்டு வெளியே போறான், வெறும் இடுப்போட திரும்பி வர்றான். குஜிலி பஜார்ல செம்புக்கு என்ன கிராக்கி தெரியுமா? நீ அவன் பின்னாலேயே போய்ப் பார். கம்பி எடுத்தவனைக் கம்பி எண்ண வைக்கிறேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் துப்பறியக் கிளம்பினேன். மேஸ்திரி திருவொற்றியூர் சாலையில் நடந்தார். பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்க்கிற சுபாவம் அவருக்கு. நின்றிருந்த ஒரு ஜட்கா வண்டியின் பின்னால் நான் ஒளிந்தேன். குதிரை கிளம்பிப் போய்விட்டது. நட்ட நடுச் சாலையில் குடையும் கையுமாக நான் மட்டும் நின்றேன். அவர் என்னைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் ஒரு சந்துக்குள் திரும்பினார்.

அந்தச் சந்தில் குப்பம்மாள் என்பவள் பெட்ரோல் சலவைக்கடை வைத்திருந்தாள். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் பட்டுப் புடவைகளைப் பெட்ரோல் தொட்டியில் முக்கி அழுக்கெடுக்கும் தொழில். பட்டணத்துப் பெரிய வீட்டுச் சரிகைப் புடவையெல்லாம் அங்கே வரும். தொட்டி நிறைய பெட்ரோல், அதில் உரசுவதற்கென்றே பட்டு. நான் எட்டிப் பார்த்தபோது மேஸ்திரி குந்தி உட்கார்ந்து, தொட்டிக்கும் புதிதாக அடித்த முளைக்கும் கம்பெனியின் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

குப்பம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இந்தாளு உங்க ஆளா சார்? வாரா வாரம் வந்து குந்திக்கினு கீது. தெருவுல என்னப் பத்தி இன்னா பேசறாங்க தெரியுமா? என்னப் பாக்க வந்தாக்கூட ஒரு நாயம் கீது. இந்தாளு கம்பியத்தான் பாக்குது."

மேஸ்திரி தலை நிமிரவில்லை. "பட்ட ஒரசாத. முக்கி முக்கி எடு." பிறகு என்னிடம், "வெயில்ல ரொம்ப நேரமா என் பின்னாடியே வரியே நைனா, கால் வலிக்கல?" என்றார்.

இனி மறைத்து என்ன பயன்? கம்பியை எடுத்தீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"எடுத்தேன். எழுதிக்கோ. இங்க மட்டும் இல்ல, பெட்ரோல் ஊத்தற மோட்டார் ஷெட்டு ரெண்டுலயும் மாட்டி கீறேன். கேட்டா குடுப்பாங்களா?"

அப்புறம் அவரே சொன்னார். ரங்கூனில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் அவரும் அவருடைய தோஸ்து ஒருவனும் வேலை செய்திருக்கிறார்கள். பலகை மேல் பீப்பாயை வைத்து, தோல் வடிகட்டி போட்ட புனல் வழியாகப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள். பலகையும் தோலும் கோபத்தை மண்ணில் இறங்க விடவில்லை. புனலைத் தூக்கியபோது ஒரு பொறி. தோஸ்து போய்விட்டான். மேஸ்திரிக்குப் புருவம் போயிற்று.

"அவன் பீடியே குடிக்க மாட்டான் நைனா. ஆனா பீடி குடிச்சான், அதான் பத்திக்கிச்சுன்னு எழுதிட்டாங்க. அவன் சம்சாரம் என்னாண்ட வந்து, என் புருசன் எப்ப பீடி பழகினான்னு கேட்டுச்சு. நான் இன்னா சொல்லுவேன்?"

மறுநாள் இதை அப்படியே பெரிய கிளார்க்கிடம் சொன்னேன். முழுதும் கேட்டால் மனசு இளகிவிடும் என்று நம்பினேன். எனக்கு வயது இருபத்திரண்டு. அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

"எடுத்தேன்னு ஒத்துக்கிட்டான் இல்லே? அது போதும்."

துரை ஊட்டிக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை மேஸ்திரி கிடங்குக்குள் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. மிச்சக் கம்பியும் களவு போகாமலிருக்க, குழாய்களில் மாட்டியிருந்ததைக்கூடக் கழற்றி ஸ்டோரில் வைத்துப் பூட்டினார் பெரிய கிளார்க். "மேல்காத்து அடிக்குது சார். பீப்பாய பலக மேல வெக்காதீங்க. தோலு வடிகட்டி வாணாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேஸ்திரி போனார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

போனவர் வீட்டுக்குப் போகவில்லை. காலை முதல் கேட்டுக்கு வெளியே ஈர வேட்டியோடு நின்றார். "கொளுத்திப்போட நேரம் பார்த்துக்கிட்டு நிக்கிறான். போலீசுக்குச் சொல்லணும்," என்றார் பெரிய கிளார்க். எனக்கே ஒரு கணம் அந்தச் சந்தேகம் வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். முனுசாமி என்ற தொழிலாளி பீப்பாய் நிரப்பிக்கொண்டிருந்தான். மணல் ஒட்டாமலிருக்கப் பலகை மேல் பீப்பாய், வாயில் தோல் வடிகட்டியோடு புனல். நான் பத்தடி தூரத்தில் கணக்குச் சீட்டோடு நின்றேன். அவன் புனலைத் தூக்கினான். நகத்தால் சுண்டியதுபோல ஒரு சிறு சத்தம். அவன் கையைச் சுற்றி நீலமாக ஏதோ ஓடியது. அடுத்த நொடி பீப்பாய் வாயில் தீ நின்றது.

நாங்கள் எல்லோரும் வெளியே ஓடினோம். உள்ளே ஓடிவந்தது ஒரே ஆள். காவல்காரனைத் தள்ளிவிட்டு வந்த மேஸ்திரி, முதலில் குழாயை மூடினார். ஒரு கோணிச்சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்துப் பீப்பாய் வாயில் அழுத்தி, அதன் மேல் தன் மார்பையே வைத்துப் படுத்துக்கொண்டார். தீ மூச்சுத் திணறி அணைந்தது. அதற்குள் ஓடின எங்களில் இரண்டு பேர் முனுசாமியை இழுத்துப்போய் மணலில் புரட்டியிருந்தார்கள். முழங்கை வரை அவனுக்குத் தோல் உரிந்திருந்தது. பக்கத்து டாங்கிக்குத் தீ தாவியிருந்தால் ராயபுரத்தில் பாதி இருந்திருக்காது.

பெரிய கிளார்க் மூச்சு வாங்க வந்தார். வந்ததும் வராததுமாக, "பீடி குடிச்சிருப்பான். வேற என்ன?" என்றார்.

மேஸ்திரி சாக்கை விட்டு எழுந்தார். "முனுசாமி, மடிய அவுத்துக் காட்டு." அவன் கைகளால் முடியவில்லை. மேஸ்திரியே அவிழ்த்தார். இரண்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு வீட்டுச் சாவி. பீடியும் இல்லை, நெருப்புப்பெட்டியும் இல்லை.

"நல்லா பாத்துக்கோங்க. எல்லாரும் பாத்துக்கோங்க," என்று ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் அந்தச் சாவியை நீட்டினார். வேட்டி, சீப்பு, நாய் என்று உலகத்தையே சந்தேகப்பட்ட அந்த ஆளுக்கு மனிதர்கள் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

துரைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பீடி என்று எழுதச் சொல்லிப் பெரிய கிளார்க் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். "பிழைக்க வந்த பிள்ளை நீ," என்றும் ஞாபகப்படுத்தினார். ஆனால் பார்த்ததை எழுதினேன். பலகை, புனல், தோல், மேல்காற்று, பூட்டின அறையில் கம்பி, எல்லாம். கோள் சொன்னவன் நான்தான் என்பதையும் கடைசியில் சேர்த்தேன்.

துரை ஊட்டியிலிருந்து இறங்கி வந்து படித்தார். மறுநாளே மேஸ்திரி உள்ளே வந்தார், கம்பிகள் குழாய்க்கு ஏறின. குப்பம்மாள் கடைக்குப் போன கம்பியைப் பற்றித் துரை கேட்கவேயில்லை. முனுசாமி இரண்டு மாசத்தில் வேலைக்குத் திரும்பினான். பெரிய கிளார்க் யாரும் பார்க்காத நேரத்தில் முளையைத் தொட்டுவிட்டு உள்ளே வரத் தொடங்கினார்.

அந்த வாரம் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மேஸ்திரி என் மேஜை அருகே வந்து தரையில் உட்கார்ந்தார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது.

"நீ எழுதினத படி நைனா. தமிழ்ல சொல்லிக்கினு வா."

நகலை எடுத்து வரிவரியாகச் சொன்னேன்.

"முனுசாமி பேரு போட்டியா?"

"போட்டிருக்கேன்."

"பீடி குடிக்கலன்னு அவன் பேருக்குப் பக்கத்துலயே கீதா?"

"பக்கத்துலயே இருக்கு, மேஸ்திரி."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். மூன்றாம் தரமும் கேட்டார். அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய கன்னத்தை நான் பார்க்கவில்லை, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ கதைகள் எழுதியாயிற்று. அச்சில் வந்திருக்கிறது, நாலு பேர் நல்லதாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த மனிதரைப் போல என் எழுத்தை யாரும் கேட்டதில்லை. இதை முடிக்கிற இந்த நிமிஷம், பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இன்னொரு வாட்டி படிக்கச் சொல்ல அவர் இல்லையே என்றுதான் இருக்கிறது.